திரில்லர் படத்தைத் தொடங்குவது எப்படி: செங்கோட்டை வட்டாரக் குறும்பட இயக்குநர்களுக்கு

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் குறும்படம் எடுக்க வரும் இளைஞர்களில் பலர் திரில்லர் கதையோடுதான் வருகிறார்கள். அந்தக் கதைகளும் பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்குகின்றன: இருட்டில் ஓடும் கால்கள், ஓர் அலறல், உடனே கறுப்புத் திரையில் தலைப்பு. அலறியவர் யாரென்றே தெரியாதபோது அவருக்காகப் பார்வையாளர் பதற மாட்டார். அடுத்த காட்சிக்குள் மறந்தும்விடுவார். பார்வையாளரின் கையில் ஒரு தகவலைக் கொடுத்து, அதன் விளைவு என்னவாகும் என்று அவரைக் காத்திருக்கச் செய்வதே தொடக்கக் காட்சியின் வேலை. ஆகவே கேமராவைத் தொடுவதற்கு முன் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள்: திரையில் இருக்கும் மனிதரைவிடப் பார்வையாளருக்கு அதிகம் தெரிய வேண்டுமா, குறைவாகத் தெரிய வேண்டுமா?

அதிகம் தெரிவிக்கும் முறைக்கு, சோதனைச் சாவடிகளைப் பார்த்தே வளர்ந்த நமக்கு மிக நெருக்கமான சான்று ஆர்சன் வெல்ஸ் 1958இல் இயக்கிய ‘டச் ஆஃப் ஈவில்’. யாரோ ஒருவரின் கை, வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகி, அதைக் காரின் பின்பெட்டியில் வைக்கிறது. எதுவும் அறியாத ஆணும் பெண்ணும் அந்தக் காரில் ஏற, அமெரிக்க–மெக்சிகோ எல்லையூர் ஒன்றின் தெருக்களில் அது மெல்ல நகர்கிறது. மூன்று நிமிடத்துக்கும் மேலாக ஒரு வெட்டுக்கூட இல்லாமல் கேமரா பின்தொடர்கிறது. இடையில் காரை விட்டுவிட்டு, நடந்து செல்லும் இன்னொரு தம்பதியோடு போகிறது. கார் கண்ணில் படாத அந்த வேளைகளில்தான் நமக்குப் பதற்றம் கூடுகிறது. சாவடியில் காவலர்கள் சாவகாசமாகப் பேசுகிறார்கள், காரில் இருக்கும் பெண் தன் தலைக்குள் ‘டிக் டிக்’ என்று கேட்பதாகச் சொல்கிறாள், யாரும் பொருட்படுத்துவதில்லை. எல்லையைக் கடந்த பிறகே குண்டு வெடிக்கிறது. வெடிப்பு சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. நம்மை இருக்கையில் கட்டிவைத்தது அந்தச் சாவகாசமான பேச்சு.

குறைவாகத் தெரிவிக்கும் முறைக்கு வெளியே தேட வேண்டியதில்லை. எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954இல் வந்த ‘அந்த நாள்’ ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. படத்தின் பெரிய நட்சத்திரமான சிவாஜி கணேசனின் பாத்திரம் தொடக்கத்திலேயே செத்து விழ, பாட்டே இல்லாத மீதிப் படம் முழுவதும் சுட்டவர் யார் என்ற ஒரே கேள்வியில் ஓடுகிறது. மறைப்பதற்கும் குழப்புவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கற்கலாம்: சுட்டவர் மறைக்கப்படுகிறார், ஆனால் என்ன நடந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இனி நம் ஊரில் கிடைக்கும் பொருளை எடுத்துக்கொள்வோம். புளியரையின் எஸ் வளைவில் ஏறி, எல்லைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவுக்குச் செல்லும் பால் டேங்கர்களை எல்லோரும் பார்த்திருப்போம். கேரளப் பால்வளத் துறையின் சோதனைக் கூடம் அங்கே இருக்கிறது. பால் கெடாமல் இருக்க யாராவது அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருந்தால் நேரம் ஆக ஆக அது சிதைந்து, தடயமும் மங்கிப்போகும். குண்டும் துப்பாக்கியும் இல்லாமலே உங்களுக்கு ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டது. சாதாரண நாளில் ஓட்டுநரும் அலுவலரும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருப்பார்கள். இந்தக் கதையில் தாமதம் வேண்டும் என்று விரும்பும் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்.

முதல் ஷாட்டில் டேங்கரின் மேல்மூடி. ஒரு கை, மூடியை யாரும் திறக்கவில்லை என்பதற்கு அடையாளமான பழைய சீல் கம்பியை நறுக்கி எடுத்து, அதே துளையில் புதுக் கம்பியைக் கோத்து முறுக்குகிறது. முகம் தெரிய வேண்டாம், நறுக்கிய துண்டு சட்டைப் பைக்குள் போவது மட்டும் தெரியட்டும். அடுத்து, சாரலில் வைப்பர் ஓட வண்டியை எடுக்கும் ஓட்டுநர். அவருக்கு எதுவும் தெரியாது என்பதைச் சொல்லிக் காட்டாதீர்கள். ஏறுவதற்கு முன் வழக்கம்போல அவர் சீலை இழுத்துப் பார்த்துத் திருப்தி அடைந்தால் போதும். பிறகு சாவடிக்குச் சற்று முன்பு, டீக்கடை வாசலில் ஒருவர் கை காட்டுகிறார். “மழைக்குள்ள எங்க அண்ணாச்சி ஓடுதிய, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்லா?” வேறு எந்தப் படத்திலும் இது வெறும் உபசாரம். கை காட்டியவரின் சட்டைப் பைக்கு வெளியே கம்பி நுனி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்வையாளர் கண்டுவிட்டால், இந்தக் கண்ணாடி டம்ளர் காலியாகும்வரை அவர் வேறு பக்கம் திரும்ப மாட்டார். அங்கே பின்னணி இசை போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

ஒலியைப் பற்றி வெல்ஸின் படமே இன்னொரு பாடம் தருகிறது. அந்த நீண்ட ஷாட்டின் மேல் பெயர்ப் பட்டியலையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றித்தான் ஸ்டுடியோ படத்தை வெளியிட்டது. வெல்ஸ் 1957இல் எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து 1998இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் மறுபடி தொகுத்தபோது, எழுத்துகள் நீங்கின. கடைகளிலிருந்தும் கார் வானொலியிலிருந்தும் வரும் ஓசைகள் அந்த இசையின் இடத்தைப் பிடித்தன. எங்கோ ஒலிக்கும் பாட்டு நெருங்கினால் கார் நெருங்குகிறது என்று காதே சொல்லிவிடும். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் சாரலையும், இன்ஜின் உறுமலையும், மலைப்பாதை ரயிலின் ஹாரனையும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நம் எல்லைக்கே உரிய ஒரு சிக்கல் மொழி. சாவடி அலுவலர் மலையாளத்தில் சக ஊழியரிடம் ஏதோ சொல்கிறார். ஓட்டுநருக்குப் பாதிதான் புரிகிறது. கீழே தமிழ் எழுத்து போட்டால் பார்வையாளருக்கு ஓட்டுநரைவிட அதிகம் தெரியும். போடாவிட்டால் அவரோடு சேர்ந்து இவரும் திணறுவார். நான் போட மாட்டேன். ஆனால் ஆரியங்காவிலும் செங்கோட்டையிலும் பார்ப்பவருக்கு இரண்டும் புரியும், சென்னையில் பார்ப்பவருக்குப் புரியாது என்பதைக் கணக்கில் வைத்து, கதையின் உயிர்நாடியான தகவலை அந்த வசனத்தில் மட்டும் வைக்காமல் இருங்கள்.

உண்மையான சாவடியில் அனுமதியின்றிக் கேமராவை வைக்க வேண்டாம். சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த ஒரு கம்பமும், ஈரத் தார்ச்சாலையும், வரிசையில் நிற்கும் இரண்டு லாரிகளும் போதும்.

தலைப்பை எங்கே வைப்பது? தகவல் பார்வையாளரிடம் சேர்ந்த பிறகு, விளைவு தொடங்குவதற்கு முன். நம் கதையில் ஓட்டுநர் டம்ளரை வாங்கும் கணம் அதற்குச் சரியான இடம். பன்னிரண்டு நிமிடக் குறும்படத்தில் இது இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

தொகுத்து முடித்ததும், கதை தெரியாத ஒருவருக்குத் தலைப்புவரை மட்டும் போட்டுக் காட்டி நிறுத்துங்கள். படம் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறார் எனக் கேளுங்கள். ஓட்டுநர் மாட்டிக்கொள்வாரா என்று அவர் கவலைப்பட்டால் அப்படியே விடலாம். “அந்தக் கம்பி எதுக்கு?” என்று கேட்டால், முதல் ஷாட்டைத்தான் திரும்ப எடுக்க வேண்டும், பின்னால் ஒரு வசனம் சேர்த்துச் சரிக்கட்ட முயலாதீர்கள்.