மரக்கரியைக் கொண்டு நீரைத் தூய்மை செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் வட்டாரத்தில் சீமைக்கருவேல விறகைக் கரிமூட்டத்தில் கருக்கியெடுக்கும் கரி எளிதாகக் கிடைப்பதால், அதை அப்படியே இடித்துச் சாயநீரில் போட்டால் நிறம் நீங்கிவிடும் என்று எதிர்பார்ப்பது முதல் தவறு. மூட்டக்கரியின் நுண்துளைகளில் பெரும்பகுதி தார்ப்பொருள்களால் அடைபட்டிருக்கும். 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தியோ, மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து ஏறத்தாழ 500 டிகிரியில் சூடாக்கியோ கிளர்வூட்டிய (நுண்துளைகளைத் திறந்து பெருக்கிய) பிறகுதான், ஒரு கிராம் கரியில் 500 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட உட்பரப்பு உருவாகிறது.

இதைவிடக் கேடான தவறு சாம்பலைக் கவனியாமல் விடுவது. ஏனெனில் இது வெற்றியைப் போலவே தோற்றமளிக்கும். மரச்சாம்பலில் உள்ள பொட்டாசியம், கால்சியம் சேர்மங்கள் நீரைக் காரத்தன்மை உடையதாக்குகின்றன. செம்பு கலந்த நீரைச் சோதிக்கையில், அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 6-ஐத் தாண்டும்போது செம்பு ஹைட்ராக்சைடாகப் படியத் தொடங்குவதால், வடிகட்டிய நீரில் அதன் அளவு குறைந்து காணப்படும்; கரி கவர்ந்துகொண்டது என்று நாம் எழுதிவிடுவோம். கரியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், பின்னர் கழுவுநீர் நடுநிலைக்கு வரும்வரை வாலைவடிநீரிலும் (காய்ச்சி வடித்த நீரிலும்) கழுவி, 105 டிகிரியில் உலர்த்த வேண்டும். கரி சேர்க்காத அதே கரைசலை அதே பி.எச். அளவில் வைத்து ஒப்பிடாத எந்த முடிவையும் நான் நம்பத் தயங்குவேன்.

மெத்திலீன் நீலத்தை வைத்துச் சோதிப்போர் வடிதாளும் அந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கரியை மையவிலக்கியில் பிரிப்பதே சரி. மேலும், மெத்திலீன் நீலம் நேர்மின்சுமை கொண்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்திக்குப் பயன்படும், இழையோடு வினைபுரிந்து ஒட்டும் வினைச்சாயங்களோ எதிர்மின்சுமை கொண்டவை, அவற்றுடன் உப்பும் மிகுதியாகக் கலந்திருக்கும். ஆகவே முன்னதில் கிடைத்த முடிவைப் பின்னதற்குப் பொருத்துவது பொருந்தாது. நீக்கிய அளவை விழுக்காட்டில் மட்டும் சொல்வதும் போதாது, கரியைக் கூட்டினால் விழுக்காடும் கூடும் என்பதால், சமநிலை எய்திய பின் (நீரில் சாய அளவு மேலும் மாறாத நிலையில்) ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

குடிநீருக்கு இதைப் பயன்படுத்துவோர், நிறமும் நாற்றமும் போன நீரைத் தூய நீர் என்று கருதிவிடக் கூடாது. கரைந்த உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் ஆகியவை கரியைக் கடந்து வந்துவிடும். சாதாரணக் கரியால் புளோரைடையும் போதிய அளவு நீக்க முடியாது. அது கிருமிகளையும் கொல்லாது. அதோடு நீரிலிருந்த குளோரினையும் கரி நீக்கிவிடுவதால், நீர் கடந்து செல்லும் கரிப்படுகையிலேயே நுண்ணுயிர்கள் பெருக இடமுண்டு. ஆதலால் கிருமிநீக்கம் கரிப்படுகைக்குப் பின்னர் நடைபெற வேண்டும்.

செலவைக் கணக்கிடுகையில் விறகின் விலையை மட்டும் எழுதி, அமிலம், எரிபொருள், கழுவப் பயன்பட்ட நீர் ஆகியவற்றை விட்டுவிடுவது பரவலாக நிகழ்கிறது. பயன்படுத்தி முடித்த கரியை என்ன செய்வது என்ற கேள்வியும் அந்தக் கணக்கில் சேர வேண்டியதே. ஈயத்தைப் பிடித்துவைத்திருக்கும் கரியை வயலில் கொட்டினால் அமிலநீர் பட்டவுடன் ஈயம் மீண்டும் வெளியேறும், அடுப்பில் எரித்தாலோ புகையிலும் சாம்பலிலும் கலந்துவிடும்; அதை ஆபத்தான கழிவாகவே தனியே சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.