பச்சை ஹாப்ஸில் பீர் காய்ச்சுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கூம்பு வடிவப் பூக்களான ஹாப்ஸின் அறுவடை சூடுபிடிக்கும் ஆகஸ்ட் பிற்பாதிக்கு முன்பே, வீட்டுத் தோட்டத்தில் கொடி வளர்க்கும் புதியவர்கள் பொறுமை இழந்து கூடையை எடுத்துவிடுகிறார்கள். பாத்திரத் தூய்மை, ஈஸ்ட் பராமரிப்பு ஆகியவற்றை எந்தக் கையேடும் சொல்லும். பச்சை ஹாப்ஸுக்கே, அதாவது பறித்து உலர்த்தாத ஹாப்ஸுக்கே உரிய தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கூம்பு பெருத்ததும் பறித்துவிடுவது

இந்த ஒன்று எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. கொடி மறுபடி காய்க்க ஓர் ஆண்டு ஆகும் என்பதால், இதைத் திருத்திக்கொள்ள வழியே இல்லை. கூம்பு முழு அளவை எட்டுவது வேறு, முதிர்வது வேறு. கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலங்கள் முன்னதாகவே சேர்ந்துவிடுகின்றன; மணத்தைத் தரும் எண்ணெய்களோ கடைசி வாரங்களில்தான் பெருகுகின்றன. பச்சை ஹாப்ஸை நாம் நாடுவதே அந்த மணத்துக்காகத்தான்.

நண்பர் ஒருவர் கேஸ்கேட் வகை ஹாப்ஸ் கொடியை ஆண்டுக்கணக்கில் பேணி வளர்த்து, முதல் நல்ல விளைச்சல் வந்தபோது, வெளியூர்ப் பயணம் குறுக்கிட்டதால் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அத்தனையையும் பறித்துக் காய்ச்சினார். கிரேப்ஃப்ரூட் மணத்துக்குப் பேர்பெற்ற அந்த வகையிலிருந்து அவருக்குக் கிடைத்தது வெட்டிய புல்லின் வாடை மட்டுமே. அவர் மால்ட்டை (முளைகட்டிய தானியத்தை) குறைசொன்னார், ஈஸ்ட்டைக் குறைசொன்னார். மீந்திருந்த கூம்பைப் பிளந்து பார்த்தபோது, உள்ளே இருக்கும் பிசின் பொடியான லுபுலின் வெளிறிய மஞ்சளாகவே இருந்தது.

முதிர்ந்த கூம்பை விரலால் அழுத்தினால் காகிதம் போலச் சலசலத்து மீண்டும் விரியும்; ஈரமாக அமுங்கியே கிடந்தால் காத்திருக்க வேண்டும். நெடுக்காகப் பிளந்தால் லுபுலின் அடர்ந்த பொன்மஞ்சளாக விரலில் ஒட்டும். இன்னும் ஐயம் இருந்தால், கொடியின் மேலும் கீழுமாகப் பறித்த 100 கிராம் கூம்புகளை, எடை இனிக் குறையாது என்னும் வரை உலர்த்திப் பாருங்கள். எஞ்சுவது 20 கிராமுக்குக் கீழே என்றால் பறிக்க நாள் இருக்கிறது. 23 கிராமை ஒட்டி வந்தால் பெரும்பாலும் பறிக்கலாம். உச்சியில் வெயில் படும் கூம்புகள் முந்தி முதிரும் என்பதால், இரண்டு மூன்று சுற்றாகப் பறிப்பதே நல்லது. அளவுக்கு மீறிக் காத்திருந்தாலும் கேடுதான். சில வகைகளில் வெங்காய, பூண்டு வாடை ஏறிவிடும்.

உலர் ஹாப்ஸின் எடையையே போடுவது

பச்சைக் கூம்பில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் நீர்தான். உலர்ந்ததில் அது 8 முதல் 10 சதவீதமே. ஆகவே செய்முறையில் 50 கிராம் என்றிருந்தால் 200 முதல் 300 கிராம் வரை தேவைப்படும். அது அடைக்கும் இடத்தையும் கணக்கிட்டுப் பெரிய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கசப்புக்கும் பச்சை ஹாப்ஸையே நம்புவது

கேஸ்கேட் வகையின் ஆல்ஃபா அமிலம் பொதுவாக 4.5 முதல் 7 சதவீதம் வரை இருக்கும். உங்கள் கொடியில் எவ்வளவு என்பது ஆய்வகச் சோதனை இல்லாமல் தெரியாது. கொதி தொடங்கும்போது, ஆல்ஃபா அமில அளவை உறையில் அச்சிட்ட பெல்லட்டை (உலர்த்தி அழுத்திய ஹாப்ஸ் உருண்டையை) போட்டுக் கசப்பை உறுதிசெய்துகொண்டு, பச்சை ஹாப்ஸைக் கடைசி நிமிடங்களுக்கும் அடுப்பை அணைத்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் ஊறவிட்டால் இலைச்சாற்றின் வாடை இறங்கும்.

பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது

சில மணி நேரத்திலேயே உள்ளே சூடேறிக் கெடத் தொடங்கும். 1996இல் சியரா நெவாடா என்னும் அமெரிக்க பீர் நிறுவனம் தன் முதல் பச்சை ஹாப்ஸ் பீருக்காக, யாக்கிமாவில் பறித்ததை கலிஃபோர்னியாவின் சிகோ நகருக்கு விரைந்து கொண்டுசென்றே காய்ச்சியது. தோட்டம் வாசலிலேயே இருக்கும்போது மறுநாளைக்குத் தள்ளிப்போட நியாயமே இல்லை.

வெறுங்கையால் பறிப்பது

கொடியின் கொக்கிமுட்கள் தோலைக் கீறும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும்.

நாய்க்கு எட்டும்படி ஹாப்ஸ் சக்கையைக் கொட்டுவது

ஹாப்ஸ் நாய்களின் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு.

கொடியைத் தரையோடு அறுப்பது

பறித்த பிறகும் பச்சைத் தண்டு வேருக்குச் சத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தை விட்டுவைத்து, உறைபனி விழுந்து தண்டு காய்ந்த பிறகு வெட்டுங்கள்.