ஃபில்டர் சத்தம் போட்டால் அணைத்துவிடாதீர்கள்

சுங்கை சிப்புட் தாமான் வீடுகளில் மீன்தொட்டி பெரும்பாலும் ஹாலில்தான் இருக்கும். பகலில் டிவி சத்தத்தில் ஒன்றும் தெரியாது. இரவு எல்லாரும் படுத்த பிறகுதான் ஃபில்டர் கடகடப்பது காதில் விழும். விடிகாலை ஐந்து மணிக்கு வேலைக்கு எழ வேண்டியவர் என்ன செய்வார்? போய் சுவிட்சை அணைத்துவிடுவார்.

மீனுக்கு இதைவிட ஆபத்தான தவறு வேறில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நஞ்சைக் குறைப்பது ஃபில்டர் பஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியா. ஓடும் தண்ணீர்தான் அதற்கு ஆக்சிஜன் கொண்டுவருகிறது. நம் ஊரில் தொட்டித் தண்ணீர் 28, 30 டிகிரி வரை போகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. இரவு முழுக்க நிறுத்தினால் பாக்டீரியா சாகத் தொடங்கும். மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். சலசலத்தால், தண்ணீர் வற்றி மட்டம் இறங்கியிருக்கிறது, ஊற்றினால் அடங்கும். கடகடத்தால் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் காந்தம் பொருத்திய சிறு விசிறி. பிளக்கைக் கழற்றிவிட்டு அதை வெளியே இழுத்துப் பாருங்கள். காந்தத்தின்மேல் பழுப்பாக வழுவழுப்பு, தண்டில் சுற்றிய பாசி இழை. ஒரு மணல் துணுக்குகூடப் போதும். பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள், சோப்பு வேண்டாம். பஞ்சையும் பைப் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து ஒரு வாளி எடுத்து அதிலேயே பிழியுங்கள்.

அடுத்தது வேகம். ஓட்டத்தைக் குறைக்க, தண்ணீரை இழுக்கும் வாயில் துணி அடைப்பவர்கள் உண்டு. பம்புக்குத் தண்ணீர் போதாமல் சூடேறும், சத்தமும் கூடும். குறைப்பதென்றால் வெளியே விடும் பக்கத்தில் குறையுங்கள்: அந்த வாயில் பஞ்சு வையுங்கள், அல்லது அதைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.

உண்மையில் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி சுமார் 55 லிட்டர்தான். மணிக்கு நான்கைந்து தடவை தண்ணீர் சுற்றினால் போதும், அதாவது 250 லிட்டர் அளவு. 'பெரிசா இருந்தா நல்லது' என்று மணிக்கு 1000 லிட்டர் தள்ளும் பம்ப் வாங்கி வருகிறோம். ஃபைட்டர் மீன், வயலிலும் வாய்க்காலிலும் அசையாத தண்ணீரில் வாழ்ந்த இனம். அந்த வேகத்தில் அது நாள் முழுக்க எதிர்நீச்சல் போட்டே களைத்துவிடும். அதற்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே நல்லது.

ஏர் பம்பைப் பலகைமேல் அப்படியே வைத்தால் பலகையும் சேர்ந்து அதிரும். பழைய சிலிப்பரில் ஒரு துண்டு வெட்டி அடியில் வையுங்கள், அடங்கிவிடும். ஆனால் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைப்பதென்றால் குழாயில் செக் வால்வு, அதாவது ஒரு பக்கம் மட்டும் விடும் சிறு அடைப்பான், போட்டே ஆக வேண்டும். கரண்ட் போனால் தண்ணீர் பின்னால் ஏறி பம்புக்குள் இறங்கிவிடும்.

மாலை இடிமழையில் கரண்ட் போய் வந்த பிறகு, பின்னால் தொங்கும் ஃபில்டர் திடீரென்று இரைந்தால் பயப்படாதீர்கள். உள்ளே காற்று அடைத்திருக்கும். தொட்டியிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் மொண்டு அதற்குள் ஊற்றுங்கள், சரியாகிவிடும்.