சுருட்டும் பழைய படமும்: ஊகிக்கும் ஆட்டத்தை நடத்துவது எப்படி?

சுருட்டுப் பிரியர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் பழைய படங்களைப் பற்றிய பேச்சு தானாகவே வந்து சேர்ந்துவிடும். அந்தப் பேச்சை ஓர் ஆட்டமாக்குவது எளிது. ஒருவர் மனத்துக்குள் ஒரு படத்தை நினைத்துக்கொண்டு துப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் படத்தின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். இறுதியில் வென்றவருக்கு ஒரு நல்ல சுருட்டு பரிசு. விதி இவ்வளவுதான் என்றாலும், நடத்தத் தெரியாமல் நடத்தினால் ஆட்டமும் கெடும், சுருட்டும் கெடும். சுருட்டை ஏறக்குறைய நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்ற கணக்கில் நிதானமாக இழுத்தால்தான் அதன் சுவை தெரியும். போட்டியின் பரபரப்பில் அடுத்தடுத்து இழுத்தால் தணல் அதிகமாகச் சூடேறிப் புகை கசந்துவிடும். ஆகவே இது வேகப் போட்டியாக மாறிவிடக் கூடாது என்பதுதான் என் முதல் விதி. கீழே சொல்லப்படும் மற்ற விதிகள் பெரும்பாலும் அதிலிருந்து பிறந்தவையே.

ஆட்டத்தின் நீளத்தைச் சுருட்டின் அளவைக் கொண்டு தீர்மானிப்பது நல்லது. சுமார் 5 அங்குல நீளமும் 50 ரிங் கேஜ் தடிமனும் உள்ள ரொபஸ்டோ வகைச் சுருட்டு, முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை தாங்கும். (ஒரு ரிங் கேஜ் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு, எனவே 50 என்பது முக்கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான விட்டம்.) ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் வைத்தால் ஐந்து படங்களுக்கு அது சரியாக வரும். 7 அங்குல நீளமுள்ள சர்ச்சில் வகைச் சுருட்டை எடுத்தால் இன்னும் இரண்டு படங்களைச் சேர்க்கலாம். ஆனால் ஐந்துக்கு மேல் போனால் கவனம் சிதறுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ‘பழைய படம்’ என்றால் எதுவரை என்று பேசி முடித்துவிட வேண்டும். 1970-க்கு முன் வெளிவந்தவை என்று வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த எல்லை. ஆண்டை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், ஏனெனில் சண்டை பெரும்பாலும் அங்கேதான் மூளும். காசாபிளாங்கா முதலில் நியூயார்க்கில் திரையிடப்பட்டது 1942 நவம்பரில். பரவலாக வெளியானது 1943 ஜனவரியில். ஆஸ்கர் விருது பெற்றது 1943-ஆம் ஆண்டின் படங்களோடு. மூன்றில் எதைச் சொன்னாலும் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் பொதுத் திரையிடலின் ஆண்டே கணக்கு என்று ஒரு வரி சொல்லிவைத்தால் அந்த வழக்கு எழாது. ஒரே கதை இரண்டு முறை படமாகியிருந்தால், துப்புகளில் ஒன்றாவது எந்தப் படம் என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும். த மால்டீஸ் ஃபால்கன் 1931-இலும் வந்தது, 1941-இலும் வந்தது. ஹம்ஃப்ரி போகார்ட் நடித்தது இரண்டாவதில்.

இனி துப்பு அமைக்கும் கலை. ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நான் முதன்முறை நடத்தியபோது, சாப்ளினின் சிட்டி லைட்ஸ் படத்தை எடுத்துக்கொண்டு ‘பூ விற்கும் பார்வையற்ற பெண்’ என்று தொடங்கினேன். வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று குரல்கள் ஒன்றாக விடை சொல்லிவிட்டன. எஞ்சிய ஒன்பது நிமிடமும் யார் முதலில் சொன்னார் என்ற வாதத்திலேயே கழிந்தது. 1931-இல் வந்த அதே சிட்டி லைட்ஸில் வேறொரு காட்சி இருக்கிறது. உயர்ந்த உடை அணிந்த ஒருவன் ஆடம்பரக் காரிலிருந்து பாய்ந்து இறங்குகிறான். தெருவில் யாரோ எறிந்த சுருட்டுத் துண்டைப் பொறுக்கக் குனிந்த ஓர் ஏழையைத் தள்ளிவிட்டுத் தானே அதை எடுத்துக்கொண்டு மீண்டும் காரில் ஏறிப் போய்விடுகிறான். இதை முதல் துப்பாகச் சொல்லிப் பாருங்கள்: படத்தைப் பலமுறை பார்த்தவரும் ஒரு நிமிடம் புகையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கதையின் மையத்தை விட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு பொருளையோ பழக்கத்தையோ பிடிப்பதுதான் நல்ல தொடக்கம். ரியர் விண்டோ (1954) என்றால் காலில் மாவுக்கட்டுப் போட்ட புகைப்படக்காரரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, ‘அலறல் கேட்டு எல்லோரும் ஜன்னலுக்கு வருகிறார்கள், ஒரு வீட்டில் மட்டும் இருட்டுக்குள் தணல் தெரிகிறது’ என்று தொடங்கலாம்.

ஒரு படத்தை முழுமையாக எடுத்துப் பார்ப்போம். பில்லி வைல்டர் இயக்கிய டபுள் இன்டெம்னிட்டியில், காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராயும் அதிகாரியாக எட்வர்ட் ஜி. ராபின்சன் வருகிறார். அவரிடம் சுருட்டு எப்போதும் இருக்கும், தீக்குச்சி ஒருபோதும் இருக்காது. சட்டைப்பையைத் தட்டித் தேடிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவன் கட்டைவிரல் நகத்தில் குச்சியை உரசிப் பற்றவைப்பான். ‘சுருட்டு உண்டு, நெருப்பு இல்லை’ என்பது முதல் துப்பு. இதற்கு ஐந்து புள்ளிகள். தமக்குள் இருக்கும் ஒரு குட்டி மனிதன்தான் பொய்க் கோரிக்கைகளைக் காட்டிக்கொடுப்பதாக அவர் சொல்லிக்கொள்வது இரண்டாவது துப்பு, நான்கு புள்ளிகள். இரவில், அலுவலகத்தில், காயம்பட்ட ஒருவன் ஒலிப்பதிவுக் கருவியிடம் கதை சொல்வது மூன்றாவது. மாடிப்படியில் இறங்கிவரும் பெண்ணின் கால் சங்கிலி நான்காவது. 1944 என்ற ஆண்டும் இயக்குநரின் பெயரும் ஐந்தாவதாக ஒரே ஒரு புள்ளிக்கு. தீக்குச்சிப் பழக்கம் படத்தின் கடைசிக் காட்சியில் என்ன ஆகிறது என்பது எல்லாவற்றையும்விட அழகான துப்பாக இருக்கும். ஆனால் பார்க்காதவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தாலும் முடிவைத் துப்பாக்கக் கூடாது. அதனால் இங்கேயும் நான் சொல்லப்போவதில்லை.

துப்பு கடினமாக இருக்கலாம், இரண்டு படங்களுக்குப் பொருந்தும்படி மட்டும் இருக்கக் கூடாது. ‘குளியல் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் குற்றவாளி’ என்றால் கீ லார்கோவும் (1948) சரி, த குட், த பேட் அண்ட் த அக்லியும் (1966) சரி. தொட்டியில் இருப்பவர் வாயில் சுருட்டு, பக்கத்தில் மின்விசிறி என்று சேர்த்தால் கீ லார்கோ மட்டுமே நிற்கும். இரண்டாவது படத்தைப் புதிராகப் போடுபவர்கள் பெரும்பாலும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் வாயோரச் சின்னச் சுருட்டைத்தான் முதலில் சொல்வார்கள்; அதில் ஊகிக்க என்ன இருக்கிறது? வேண்டுமானால், அந்த வேடத்தில் நடித்தவர் நிஜ வாழ்க்கையில் புகைபிடிக்காதவர் என்று சொல்லிப் பாருங்கள்.

எல்லாத் துப்பிலும் சுருட்டு வர வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடிப்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. அப்படிச் செய்தால் ராபின்சனும், சுருட்டோடு வரும் நகைச்சுவை நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸும் மட்டுமே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பார்கள். சிகரெட்டோடு திரிந்த போகார்டுக்குக் கதவு அடைபட்டுவிடும்.

வசனத்தைத் துப்பாகத் தருவதென்றால், நினைவை நம்பாமல் காட்சியை மறுபடி பார்த்துவிட்டுத்தான் தர வேண்டும். ‘இன்னொரு முறை வாசி, சாம்’ என்று பொருள்படும் வரியைக் காசாபிளாங்காவின் வசனமாக உலகமே சொல்கிறது. அந்த வடிவத்தில் அது படத்தில் ஒரு முறைகூட வருவதில்லை. துப்புகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதும் அவசியம், இல்லாவிட்டால் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நடுவில் மாற்றத் தோன்றும்.

விடை சொல்ல விரும்புபவர் சுருட்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கையை உயர்த்த வேண்டும். இந்த ஒரு விதியால் கூச்சல் அடங்குகிறது, இழுப்பின் வேகமும் தானாகக் குறைகிறது. ஒரு துப்புக்கு ஒருவருக்கு ஒரு விடைதான். தவறாகச் சொன்னவர் அடுத்த துப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். துப்புகளுக்கு இடையே இரண்டு நிமிட இடைவெளி விடுங்கள். புதிர் போடுபவரின் சாம்பல் விழும்போது அடுத்த துப்பு என்று விளையாடுபவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருந்தாலும், நன்கு சுற்றப்பட்ட சுருட்டின் சாம்பல் ஓர் அங்குலத்துக்கு மேலும் நின்று ஆட்டத்தைத் தேக்கிவிடும். கடிகாரமே மேல்.

வென்றவரே அடுத்த புதிரைப் போட வேண்டும் என்ற பழக்கத்தில் ஒரு குறை உண்டு: அதிகம் பார்த்த இருவருக்குள்ளேயே ஆட்டம் சுழன்று, மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். புதிர் போடும் முறை வட்டமாகச் சுற்றி வரட்டும். புள்ளிகளை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் இருவர் சமமாக நின்றால், முதல் துப்பிலேயே அதிகப் படங்களைக் கண்டுபிடித்தவருக்குப் பரிசு.

பரிசுச் சுருட்டை அன்று காலையில் எங்கிருந்தோ எடுத்து வரக் கூடாது. 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதமுள்ள ஹ்யூமிடரில் (சுருட்டைக் காயாமல் வைக்கும் பெட்டி) இருந்து, கொடுக்கும் நேரத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும். வென்றவர் வீட்டுக்குக் கொண்டுபோவதானால், ஈரப்பதப் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில் வைத்துக் கொடுங்கள். சிட்டிசன் கேன் (1941) படத்தில் மருத்துவமனையில் இருக்கும் முதியவர், தம்மைப் பார்க்க வந்த செய்தியாளரிடம் இரண்டு சுருட்டு வாங்கி, பற்பசை போலத் தோன்றும்படி சுற்றி அனுப்பச் சொல்வார். அந்தப் படம் புதிராக வந்த நாளில் பரிசையும் அப்படியே சுற்றிக் கொடுத்தோம்; வென்றவர் அதை இன்னும் பிரிக்கவில்லை.