ரோமானிய வெண்கலக் காசு சேகரிப்பு: முதல் காசை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ரோமானியக் காசு என்றாலே லட்சங்களில் விலை போகும் தங்கம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 4-ஆம் நூற்றாண்டின் சின்ன வெண்கலக் காசுகள் அப்படியல்ல. ஏராளமாக அச்சானவை என்பதால் இன்றும் மலிவு. பழகுவதற்கு கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்துக் காசுதான் என் தேர்வு.

படி 1: ஒன்றே ஒன்று வாங்குங்கள்

மண் ஒட்டிய காசுகளை மொத்தமாக விற்பார்கள்; வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்தவை, எங்கே தோண்டியவை என்றும் தெரியாது. எழுத்து தெளிவாக உள்ள ஒரு காசை, அது எங்கிருந்து வந்தது என்று எழுதித் தரும் வியாபாரியிடம் வாங்குங்கள். ‘குளோரியா எக்செர்சிடஸ்’ வகை, அதாவது ‘படையின் பெருமை’, எளிதில் கிடைக்கும்.

படி 2: வாசியுங்கள்

இந்தப் பொழுதுபோக்கின் உயிரே இதுதான். 10 மடங்கு லென்ஸ் போதும். பின்பக்கம் இரண்டு சிப்பாய்கள் நிற்பார்கள். நடுவே இரண்டு படைக்கொடி இருந்தால் ஏறக்குறைய கி.பி. 330–335. ஒரே கொடி என்றால் அதற்குப் பிந்தையது. கொடி குறைந்தபோது காசின் எடையும் குறைந்தது: சுமார் இரண்டரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் அளவுக்கு. பணத்தின் மதிப்பு சரிந்த கதை உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது!

சிப்பாய்களின் காலடிக் கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்துகள் நாணயச்சாலையைச் சொல்லும். ‘எஸ்எம்என்’ (SMN) என்றால் நிக்கோமீடியா, இன்றைய துருக்கியின் இஸ்மித். ‘டிஆர்’ (TR) என்றால் ஜெர்மனியின் ட்ரியர். முன்பக்கம் ‘கான்ஸ்டான்டினஸ்’ என்று பார்த்ததும் முடிவு கட்டாதீர்கள். பெயரை அடுத்து ‘மேக்ஸ் ஆக்’ (MAX AVG) வந்தால் தந்தை, அதாவது பேரரசர் கான்ஸ்டன்டைன். ‘ஐவிஎன் நாப் சி’ (IVN NOB C) வந்தால் மகன் இரண்டாம் கான்ஸ்டன்டைன்.

அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் ‘ஓக்ரே’ (OCRE) இணையத் தரவுத்தளத்தில் உங்கள் காசை இலவசமாக ஒப்பிடலாம்.

படி 3: தேய்க்காதீர்கள்

புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சை, பழுப்புப் படலம்தான் காசுக்குக் காப்பு, போனால் திரும்பாது. மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே, பல் குத்தும் மரக்குச்சியால் மெல்ல நீக்குங்கள். வெளிர்பச்சையாக மாவுபோல் உதிர்ந்தால், குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது என்று பொருள். அந்தக் காசை உடனே தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லுடன் உலர்ந்த டப்பாவில் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

படி 4: போலியும் சட்டமும்

விளிம்பைச் சுற்றி ஓடும் வார்ப்புக் கோடு, பரப்பில் குமிழ்க் குழிகள் தெரிந்தால் வாங்காதீர்கள்.

நம் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அப்படி மண்ணில் புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு காகித உறை போட்டு, எடை, விட்டம், நாணயச்சாலை, வாங்கிய இடம் நான்கையும் பென்சிலால் எழுதிவிட்டு, பிறகு காசை உள்ளே வையுங்கள்.