பீடி சுற்றும் அக்காமாருக்கு ஒரு மூச்சுப் பயிற்சி

நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் தெருவுக்குள் போனால் மடியில் சொளவு (முறம்) வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் கை நிற்காது. தலை குனிந்தே இருக்கும், தோள் மேலே ஏறிக்கொள்ளும். தவணை கட்டுகிற நாளென்றால் இன்னும் ஏறும்.

குனிந்து உட்காரும்போது வயிறு மடங்குகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசை இறங்க இடம் குறைகிறது. கவலையோ மூச்சை வேகமாக்குகிறது. உதரவிதானத்தின் வேலையைக் கழுத்துத் தசைகள் இழுத்துப்போட்டுச் செய்ய, சாயங்காலம் பிடரி வலிக்கிறது. வலித்தால் மூச்சை இன்னும் அடக்குகிறோம். "நிமிந்து உக்காரு" என்று அதட்டினால் முதுகு விறைக்குமே தவிர மூச்சு இறங்காது. மூச்சை வெளியே விடுவதிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பேன்.

முதலில் திண்ணைக்கு வாங்க. புகையிலைத் தூள் பறக்கிற இடத்தில் ஆழமாக மூச்சு இழுக்கவே கூடாது.

1. எதையும் மாற்றாமல் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்க. சும்மா இருக்கையில் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும்.

2. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்க. ஒரு கை நெஞ்சில், மறு கை தொப்புளுக்கு மேலே. வாயைக் குவித்து மெல்ல ஊதி, காற்றை முழுக்க விடுங்க. பிறகு இழுக்க வேண்டாம், தானாக வரட்டும். வயிற்றுக் கை எழும்ப வேண்டும். ஆரம்பத்தில் பலருக்கு நெஞ்சுக் கைதான் எழும்பும். வயிற்றை வேண்டுமென்றே தள்ளாதீங்க. விடுவதை நீட்டினாலே போதும், சில நாளில் பழகிவிடும்.

3. மூக்கால் 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்க. நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு. விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறையும், அதற்குத்தான் 6. தலை சுற்றினாலோ விரல் நுனி மதமதத்தாலோ நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்க.

சும்மா இருக்கையிலேயே இளைப்பு, நெஞ்சுவலி, தீராத இருமல் என்றால் இந்தப் பயிற்சியை நம்பி இருக்காதீங்க. டாக்டரிடம் போங்க, நெஞ்சுவலிக்கு உடனே.

4. இனி வேலைக்கு. சுவரில் சாய்ந்து, பழைய சேலையை மடித்து இடுப்புக்கடியில் போட்டு உட்காருங்க. சொளவுக்குக் கீழே தலையணை வைத்தால் இலை கண்ணுக்குக் கிட்டே வரும், குனிவது குறையும். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் தோளைக் காதுவரை தூக்கி, நீளமாக மூச்சை விட்டபடி இறக்குங்க. அதற்கப்புறம் அடுத்த இலையை எடுங்க.