தலைவலிக்காரரிடம் கேட்கத் தவறுவது

இந்த மாதம் சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகத்தில் என் அறையில் இரண்டு மருத்துவ மாணவர்கள் உட்காருகிறார்கள். நான் அந்த வயதில் கோட்டைவிட்ட அதே இடங்களில்தான் இவர்களும் கோட்டைவிடுகிறார்கள். எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளாக, வாந்தி உண்டா என்பதை எல்லாரும் கேட்டுவிடுகிறார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

“மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?”

இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் ஆட்களுக்குப் பனடோல் (பாராசிட்டமால்தான்) மருந்தே இல்லை, உப்பு சீனி மாதிரி வீட்டில் கிடக்கும் சாமான். மருந்து என்றால் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் டாக்டர் கொடுத்தது.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சமயம், நாற்பதுகளில் ஓர் அக்கா தினமும் தலைவலி, எழுந்திருக்கும்போதே வலி என்று வந்தார். மருந்து? “ஒண்ணும் இல்ல டாக்டர்.” நானும் ‘இல்லை’ என்று எழுதி ஸ்கேனுக்கு அனுப்பினேன். அவர் லீவு போட்டு, காசு கட்டி எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மறுபடி வந்தபோது ஐசியை (அடையாள அட்டை) தேடிக் கைப்பையை மேசையில் கவிழ்த்தார். கோடாலித் தைலப் புட்டி, குடை, அப்புறம் பாதி காலியான பனடோல் எக்ஸ்ட்ரா அட்டைகள் மூன்று. காலையில் இரண்டு, வேலை முடிந்து இரண்டு, எட்டு மாதமாக!

அடிக்கடி போடும் வலி மாத்திரையே தலைவலியைத் தினசரி ஆக்கிவிடும். மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, சாதாரணப் பாராசிட்டமாலும் அதே 15 நாள், இப்படி 3 மாதம் தாண்டினால் சந்தேகப்படுங்கள். எக்ஸ்ட்ராவில் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலோடு 65 மில்லிகிராம் காஃபினும் இருக்கிறது, அந்த மாதிரிக் கலவைக்கு 10 நாளே போதும். அக்காவுக்கு நிறுத்தியதும் முதலில் வலி கூடியது, பிறகுதான் இறங்கியது.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: “தலைவலி வந்தா என்ன போடுவீங்க? ஒரு அட்டை எத்தனை நாளைக்கு வரும்?” விடுதியில் தங்கி வேலை செய்யும் தம்பிகளிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைத் தனியாகக் கேட்க வேண்டும். கோப்பி எத்தனை என்பதையும்.

ஒற்றைத் தலைவலி

பெயரை நம்பாதீர்கள். மைக்ரேன் இரண்டு பக்கமும் வரும்.

“மயக்கமா இருக்கு”

உடனே ‘நினைவு தப்பியது’ என்று எழுதாதீர்கள். கிறுகிறுப்பா, கண் இருட்டியதா, விழுந்தே விட்டாரா?

பத்துக்கு எத்தனை?

எட்டு என்பார்கள், சரி, வைத்துக்கொண்டு என்ன செய்ய? உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் இடி விழுந்தது போல என்றால் மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு இருக்கலாம். பேச்சை நிறுத்திவிட்டு 995-க்கு அழைத்து ஆம்புலன்ஸ்.

50 தாண்டியவருக்குப் புதிய தலைவலி

தலை வாரும்போது நெற்றிப்பொட்டு வலிக்கிறதா, சப்பாத்தி மெல்லும்போது தாடை வலிக்கிறதா? அப்படியென்றால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக (ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ்) இருக்கலாம், கண்ணையும் தாக்கும். இங்கே அரிதுதான். ஆனால் பார்வை போனால் பெரும்பாலும் திரும்பாது, அடுத்த வாரம் வரச் சொல்லாதீர்கள்.